610ஆம் எண் கார்டு: சாண்டி கோஃபாக்ஸின் அச்சாகாத கடைசி வரி

சாண்டி கோஃபாக்ஸ் அமெரிக்க பேஸ்பாலில் டாட்ஜர்ஸ் அணியின் பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர். ஆட்டக்காரர்களின் படமும் கணக்கும் அச்சிட்ட கார்டுகளைச் சூயிங் கம்மோடு விற்ற நிறுவனம் டாப்ஸ். அவருடைய 1966 டாப்ஸ் கார்டைத் திருப்பிப் பார்த்தால் கணக்கு 1965இல் நின்றுவிடுகிறது. அந்த ஆண்டுக்கு அவர் பெயரில் எழுதப்பட்டது 26 வெற்றி, 8 தோல்வி. எல்லா ஆண்டுகளையும் கூட்டினால் 138 வெற்றி, 78 தோல்வி. கார்டின் எண் 100. ஆடிக்கொண்டிருந்த காலத்தில் டாப்ஸ் அவருக்குப் போட்ட கடைசித் தனிக் கார்டு அதுதான்.

அந்தக் கார்டு கடைக்கு வந்த பிறகு அவர் ஆடிய சீசனைப் பாருங்கள். 27 வெற்றி, 9 தோல்வி, 323 இன்னிங்ஸ், 317 ஸ்ட்ரைக்அவுட் (அடிப்பவர் பந்தை அடிக்க முடியாமலே அவுட்டாவது). 41 ஆட்டங்களைத் தொடங்கி வைத்து, 27ஐ கடைசிப் பந்து வரை தானே வீசி முடித்தார். ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சக ஆட்டக்காரர்களின் பிழையால் வந்தவற்றைக் கழித்துப் பிட்ச்சர் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுத்தார் என்பதைச் சொல்லும் இஆர்ஏ கணக்கு 1.73. கிரிக்கெட் பழகியவர்கள் பந்துவீச்சுச் சராசரியை நினைத்துக்கொள்ளலாம். குறையக் குறைய நல்லது. பன்னிரண்டு ஆண்டுகளில் அவருக்கு மிகக் குறைந்த இஆர்ஏவும் மிக அதிக வெற்றிகளும் அமைந்தது அந்த ஆண்டில்தான். 1966 நவம்பர் 18 அன்று, முப்பது வயதில், இனி ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். 1967 தொகுப்பில் அவருக்குத் தனிக் கார்டு வரவில்லை.

அந்த வராத கார்டை நான் செய்து பார்த்த கதை இது. ஓய்வு பெற்ற ஆட்டக்காரருக்கு நிறுவனம் போடாமல் விட்ட கடைசி சீசன் கார்டை ரசிகர்களே வடிவமைத்து அச்சிட்டுக்கொள்வது அமெரிக்காவில் பழகிப்போன பொழுதுபோக்கு. ஒருவருடைய கடைசிக் கார்டை சேகரிப்பாளர்கள் சன்செட் கார்டு என்பார்கள். நாங்கள் செய்வது அதற்கும் அடுத்த கார்டு, சூரியன் மறைந்த பிறகு வருவது.

விடுபட்டதற்குக் காரணம் பெரிய ரகசியம் இல்லை. பேஸ்பால் கார்டின் பின்பக்கம் எப்போதும் ஒரு வருஷம் பின்தங்கியே இருக்கும். வசந்த காலத்தில் விற்பனைக்கு வரும் கார்டில் போன சீசன் வரைக்கும்தான் கணக்கு இருக்க முடியும். கோஃபாக்ஸுக்கு 1955 முதல் 1966 வரை ஆண்டுக்கு ஒன்றாக டாப்ஸ் பன்னிரண்டு கார்டு போட்டது. அவர் ஆடியதும் பன்னிரண்டு சீசன். ஆனால் முதல் கார்டு வந்தபோது பெரிய லீக்கில் அவர் ஒரு பந்துகூட வீசியிருக்கவில்லை. ஆகவே பன்னிரண்டு கார்டையும் வரிசையாக வைத்தாலும் பதினொரு சீசன் கணக்குதான் தேறும். ஓய்வுக்கு அடுத்த வசந்தத்தில் இன்னொரு கார்டு வந்தால்தான் கணக்கு முடியும். அந்த வசந்தத்தில் சூயிங் கம் பாக்கெட்டைப் பிரிக்கிற பையனுக்கு வேண்டியதோ இந்த வருஷம் ஆடப்போகிறவர். நிறுவனமும் அவனைப் பார்த்துத்தான் அச்சடித்தது.

ஹாங்க் ஆரனுக்கும் இதே கதிதான். 1976 கார்டின் பின்னால் அவருடைய ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) எண்ணிக்கை 745. அந்த சீசனில் பத்து அடித்தார், 755 ஆனது, ஓய்வு பெற்றார், 1977இல் கார்டு இல்லை. அமெரிக்காவில் பேஸ்பால் பார்க்கிற எவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 755 என்பார்கள். அந்த எண் அவர் ஆடிய காலத்து டாப்ஸ் தனிக் கார்டு எதிலும் இல்லை. வில்லி மேஸின் கடைசிக் கார்டு 654இல் நிற்கிறது. அவர் அடித்தது 660.

மிக்கி மேன்டில் மட்டும் தப்பினார். 1969 மார்ச் 1 அன்று ஓய்வை அறிவித்தார். அந்த ஆண்டுத் தொகுப்பில் 500ஆம் எண் அவருக்கு, பின்பக்கத்தில் 1968 வரைக்கும் முழுக் கணக்கு, 536 ஹோம் ரன். மார்ச் மாதம் சொன்னதால் அச்சை நிறுத்த முடியாமல் போயிருக்கும் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் ஓராண்டுக் கார்டுகள் தொகுதி தொகுதியாகத்தான் கடைக்கு வரும்; 500ஆம் எண் அந்த ஆண்டின் ஐந்தாவது தொகுதியில் வந்தது, அறிவிப்புக்குச் சில மாதம் கழித்து. எடுக்க நினைத்திருந்தால் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. நியூயார்க் யாங்கீஸ் சட்டை போட்ட மேன்டிலுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்று நான் முணுமுணுப்பதுண்டு. அதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. கோஃபாக்ஸுடன் டாட்ஜர்ஸில் ஆடிய மோரி வில்ஸ் 1962இல் 104 பேஸ் திருடி (யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) சாதனை படைத்தவர். டாப்ஸுடன் ஒப்பந்தம் இல்லாததால் அத்தனை ஆண்டுகளும் அவருக்கு டாப்ஸ் கார்டு கிடையாது. 1966 டிசம்பரில் அவரைப் பிட்ஸ்பர்க் அணிக்கு மாற்றினார்கள். அவருடைய முதல் டாப்ஸ் கார்டு 1967இல்தான் வந்தது, 570ஆம் எண்ணில். டாட்ஜர்ஸின் ஒரு நட்சத்திரம் தொகுப்பிலிருந்து காணாமல் போன அதே வருஷம், இன்னொருவர் டாட்ஜர்ஸை விட்டுப் போன பிறகு உள்ளே வருகிறார்.

அப்போதெல்லாம் டாப்ஸ் ஒவ்வொரு ஆட்டக்காரரோடும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டது, ஆண்டுக்கு 125 டாலர். 1966இல் ஆட்டக்காரர் சங்கத்துக்குத் தலைமையேற்ற மார்வின் மில்லர் அந்தத் தொகையை எதிர்த்தார். ஆட்டக்காரர்கள் டாப்ஸ் புகைப்படக்காரர்களுக்கு முகம் காட்ட மறுத்தார்கள். கடைசியில் தொகை 250 டாலராக உயர்ந்தது, விற்பனையிலும் பங்கு கிடைத்தது. கோஃபாக்ஸின் கதையோடு இது நேராகச் சேராது. ஆனால் அந்த வருஷங்களில் கார்டு என்பது வெறும் படம் இல்லை, ஒரு தொழில் ஒப்பந்தத்தின் ரசீது என்பது இதில் தெரியும்.

சரி, கோஃபாக்ஸுக்கு வருகிறேன். முதலில் ஒரு திருத்தம். 1967 தொகுப்பில் அவர் முகமே இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். தவறு. மூன்று கார்டில் இருக்கிறார். அவர் ஆடிய நேஷனல் லீகில் முந்தைய ஆண்டு இஆர்ஏவில் முன்னணியில் இருந்தவர்களுக்கு 234, வெற்றிகளுக்கு 236, ஸ்ட்ரைக்அவுட்டுக்கு 238. மூன்றிலும் முதலிடம் அவருக்கே. ஆக 27 வெற்றி என்ற செய்தி அச்சில் வந்திருக்கிறது, இன்னும் சிலரோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டு. அவருடைய பன்னிரண்டு வருஷத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கீழே கோடு போட்டுக் கூட்டிய கார்டுதான் வரவில்லை.

எனக்கு அந்தக் கோடுதான் முக்கியம். ரசிகர்கள் செய்யும் கார்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பத்தில் எட்டில் முன்பக்கம் பிரமாதமாக இருக்கும். எழுத்துரு, நிறம், படத்தின் மங்கல் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். திருப்பினால் வெள்ளைத் தாள், அல்லது செய்தவரின் முத்திரை. கடைசி சீசனுக்கு மரியாதை என்று சொல்லிவிட்டு அந்த சீசனின் கணக்கை விட்டுவிட்டால் அது படம், கார்டு இல்லை. விடுபட்டதே பின்பக்கம்தானே?

முன்பக்கத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1967 வடிவம் எளிமையானது. வெள்ளை ஓரம், நிறையப் படம், மேலே பெயரும் ஆடும் இடமும் சிறிய எழுத்தில், கீழே அணியின் பெயர் பெரிய வண்ண எழுத்தில், படத்தின்மேல் கையெழுத்தின் அச்சுப் பிரதி. டான் டிரைஸ்டேலின் 55ஆம் எண் கார்டை மாதிரியாக வைத்துக்கொண்டேன். ஒரே அணி, ஒரே தொழில். கையெழுத்தை கோஃபாக்ஸின் 1959 கார்டிலிருந்து எடுத்தேன், அந்தத் தொகுப்பிலும் கையெழுத்துப் பிரதி உண்டு.

படம் தேர்ந்தெடுப்பதில் ஒரு சிக்கல். டாப்ஸ் படங்களில் பல வசந்தகாலப் பயிற்சி முகாமில் எடுக்கப்பட்டவை. 1966 வசந்தத்தில் கோஃபாக்ஸ் முகாமுக்கே போகவில்லை. அவரும் டிரைஸ்டேலும் சேர்ந்துகொண்டு, சம்பளம் உயர்த்தாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று ஆண்டுக்கு இருவருக்குமாகப் பத்து லட்சம் டாலர் கேட்டார்கள். மார்ச் 30 அன்று சமரசம்: கோஃபாக்ஸுக்கு 1,25,000, டிரைஸ்டேலுக்கு 1,10,000. ஆகவே பனைமரம் தெரிகிற பின்னணியோடு '1966 முகாம்' என்று படம் வைத்தால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார். நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் எடுத்தது போன்ற படம்தான் பொருந்தும்; வெளியூர் அணிகள் அங்கே வரும்போது டாப்ஸ்காரர்கள் கேமராவோடு காத்திருப்பார்கள்.

இன்னொன்று, படத்தைச் சரியாக நடுவில் வைக்கக் கூடாது. பழைய டாப்ஸ் கார்டுகளில் வெட்டு கோணலாக விழுவது சர்வசாதாரணம். நான்கு ஓரமும் ஒரே அளவாக இருந்தால் கண்ணுக்கு உடனே பொய்யாகத் தெரியும். இடது ஓரத்தை ஒரு நூல் தடிப்பாக விட்டேன்.

இப்போது பின்பக்கம். 1967இல் அது நெட்டுவாக்கில், பச்சை நிறத்தில் இருக்கும். எண், உயரம், எடை, பிறந்த நாள், ஆண்டு வாரிக் கணக்கு, நான்கைந்து வரியில் ஒரு குறிப்பு. கோஃபாக்ஸுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. அவர் சிறிய லீக்கில் ஆடியதே இல்லை. பெரிய தொகை முன்பணம் வாங்கிக் கையெழுத்துப் போட்டவரை இரண்டு ஆண்டு பெரிய அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. எனவே பன்னிரண்டே வரி. 1955 முதல் 1957 வரை புரூக்ளின், அப்புறம் அணி ஊர் மாறியதால் லாஸ் ஏஞ்சலஸ். முதல் ஆறு வரிகளைப் படித்தால் யாரும் நம்ப மாட்டார்கள்: 2–2, 2–4, 5–4, 11–11, 8–6, 8–13. மொத்தம் 36 வெற்றி, 40 தோல்வி. அடுத்த ஆறு: 18–13, 14–7, 25–5, 19–5, 26–8. ஆறாவதாக, இதுவரை எந்தத் தனிக் கார்டும் தாங்காத 27–9. கோடு. 165 வெற்றி, 87 தோல்வி, 2,396 ஸ்ட்ரைக்அவுட், இஆர்ஏ 2.76.

இந்தக் கூட்டலை நான் கையாலேயே போட்டேன். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

முதல் பிரதியில் மொத்த இன்னிங்ஸை இன்றைய பதிவேடுகளில் உள்ளபடி 2,324.1 என்று போட்டிருந்தேன். ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்; புள்ளிக்குப் பிறகு வரும் 1 என்பது மூன்றில் ஒரு பங்கைக் குறிக்கும். பல வருஷமாகக் கார்டு சேர்க்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தையே ஒரு நிமிடம் பார்த்தார். இது எந்த வருஷம் அச்சான கார்டு என்று கேட்டார். 1967 என்றேன். அப்படியானால் இந்தப் புள்ளி ஏது என்றார்.

அவர் சொன்னது சரி. அந்தக் காலத்தில் இன்னிங்ஸை முழு எண்ணாக்கித்தான் பதிவு செய்வார்கள். மூன்றில் ஒன்று என்றால் விட்டுவிடுவார்கள், மூன்றில் இரண்டு என்றால் ஒன்றாக்கிவிடுவார்கள். 1981இல் இஆர்ஏ பட்டம் யாருக்கு என்பதையே இந்த முழுமையாக்கல் மாற்றிப்போட்டதால் பிறகு வழக்கத்தைக் கைவிட்டார்கள். ஆக 1967 கார்டில் புள்ளி வராது. வெறுமனே 2,324 என்று போட்டுவிட்டால் போதுமா? போதாது. ஒவ்வொரு ஆண்டையும் முழு எண்ணாக்கி அப்புறம் கூட்ட வேண்டும்: 42, 59, 104, 159, 153, 175, 256, 184, 311, 223, 336, 323. கூட்டினால் 2,325. அவர் உண்மையில் வீசியதைவிட மூன்றில் இரண்டு பங்கு இன்னிங்ஸ் கூடுதல். இரண்டு அவுட்! அந்த இரண்டு அவுட்டை அவர் எடுக்கவில்லை. ஆனாலும் 1967 பின்பக்கம் கோடு போட்டுக் கூட்டியிருந்தால் அவருக்குக் கொடுத்திருக்கும். 2,325 என்றே போட்டேன். நல்லவேளை, இஆர்ஏ எப்படிக் கணக்கிட்டாலும் 2.76தான்.

குறிப்பு வரிகளிலும் அதே தவறைச் செய்திருந்தேன். '1972இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார், மிக இளையவர்' என்று பெருமையாக எழுதியிருந்தேன். 36 வயதில் தேர்வானது உண்மைதான். ஹால் ஆஃப் ஃபேம் என்பது பேஸ்பாலின் புகழ் மண்டபம். ஆனால் 1967 வசந்தத்தில் கார்டு எழுதுகிறவனுக்கு 1972 எப்படித் தெரியும்? அந்த வரியை அடித்துவிட்டு, அன்றைக்குத் தெரிந்திருக்கக் கூடியதை மட்டும் வைத்தேன். நான்கு ஆண்டுகளில் நான்கு நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்), நான்காவது 1965 செப்டம்பர் 9 அன்று சிகாகோ கப்ஸுக்கு எதிரான பெர்ஃபெக்ட் கேம், ஒருவரைக்கூடப் பேஸை எட்டவிடாத ஆட்டம். சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது மூன்று, 1963, 1965, 1966. அந்த மூன்று ஆண்டும் இரண்டு லீக்குக்கும் சேர்த்து ஒரே விருதுதான்; லீக்குக்கு ஒன்றாகப் பிரித்ததே 1967இல்தான். இதைக் கார்டில் எழுத முடியாது, எழுதுகிற ஆளுக்கு இன்னும் தெரியாது.

கடைசி ஆட்டங்களைப் பற்றி ஒரு வரி வேண்டும் என்று தோன்றியது. 1966 அக்டோபர் 2, பிலடெல்ஃபியா. சீசனின் கடைசி நாள், வென்றால் லீக் பட்டம். இரண்டே நாள் ஓய்வோடு கோஃபாக்ஸ் வீசினார், 6–3, அதுதான் 27ஆவது வெற்றி. நான்கு நாள் கழித்து, இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டம். பால்டிமோருக்காக எதிரே நின்றவர் இருபது வயது ஜிம் பாமர். ஐந்தாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் சென்டர் ஃபீல்டர் வில்லி டேவிஸ் மட்டும் மூன்று பிழை செய்தார். 6–0 தோல்வி. கோஃபாக்ஸ் அதற்குப் பிறகு வீசவில்லை. கார்டில் எதைப் போடுவது? டாப்ஸ் எழுத்தாளர் முதலாவதைத்தான் போட்டிருப்பார், இரண்டாவதைத் தொட்டிருக்க மாட்டார். நானும் அப்படியே செய்தேன், கொஞ்சம் மனமில்லாமல்.

முழங்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதவில்லை. இடது முழங்கையில் மூட்டுவாதம். ஆட்டத்துக்கு முன்னால் எரிச்சல் மருந்து தேய்த்துக்கொண்டு, கார்டிசோன் ஊசி போட்டுக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் கையை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி வைத்துத்தான் அந்த 323 இன்னிங்ஸையும் வீசினார். குழந்தைகளுக்கான கார்டில் இதற்கு இடமில்லை.

அச்சுக்கு இரண்டு தாள். முன்பக்கத்துக்குப் பளபளப்பில்லாத போட்டோத் தாள், பின்பக்கத்துக்குச் சற்றே சாம்பல் ஓடிய அட்டை, ஏனென்றால் பளிச்சென்ற வெள்ளையில் பச்சை மை பொய்யாகத் தெரியும். ஒட்டி, காயவைத்து, இரண்டரைக்கு மூன்றரை அங்குலத்தில் எஃகு அளவுகோலை வைத்து வெட்டினேன். மூன்றாவது முயற்சியில்தான் உருப்படியாக வந்தது. தேநீரில் முக்கிப் பழுப்பேற்றலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். செய்யவில்லை. புதிதாகச் செய்ததைப் பழையதாகக் காட்டினால் நாளைக்கு யாராவது ஏமாறுவார்கள். பின்பக்கம் கீழே, டாப்ஸ் பெயர் வரும் இடத்தில், ரசிகர் தயாரிப்பு என்று பொடி எழுத்தில் போட்டேன். ஒரே பிரதி, விற்பனைக்கு இல்லை.

எண் விஷயத்தில் தயக்கமே வரவில்லை. 1967 தொகுப்பில் மொத்தம் 609 கார்டு. அடுத்தது 610. ஆல்பத்தில் பக்கத்துக்கு ஒன்பது பை. அறுபத்தெட்டாவது பக்கத்தில் 604 முதல் 609 வரை இரண்டு வரிசை நிரம்பும், கடைசி வரிசையின் மூன்று பையும் காலி. என்னிடம் அந்தக் கடைசித் தொகுதி முழுதாக இல்லை, அதன் விலை அப்படி. 609 மட்டும் இருக்கிறது, நான்கு மூலையும் மழுங்கிப்போய்.

609 யார் தெரியுமா? டாமி ஜான். அப்போது சிகாகோ ஒயிட் சாக்ஸில் இருந்த இடதுகைப் பிட்ச்சர். பின்னாளில் டாட்ஜர்ஸுக்கு வந்தார், 1974இல் முழங்கைத் தசைநார் அறுந்தது. டாக்டர் ஃபிராங்க் ஜோப் வேறோர் இடத்திலிருந்து தசைநார் எடுத்து வைத்துத் தைத்தார். அந்த அறுவை சிகிச்சைக்கு இன்றும் டாமி ஜான் பெயர்தான். கோஃபாக்ஸின் கோளாறு வேறு, ஜானுடையது வேறு. எட்டு வருஷம் காத்திருந்தால் கோஃபாக்ஸும் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஜான் அந்தச் சிகிச்சைக்குப் பிறகு மட்டும் வென்றது 164 ஆட்டம். கோஃபாக்ஸ் மொத்தமாக வென்றது 165. இரண்டு கார்டும் இப்போது ஒரே பக்கத்தில், அடுத்தடுத்த எண்ணில் இருக்கின்றன. இதை நான் திட்டமிட்டு அமைக்கவில்லை. எண் தானாக அங்கே கொண்டுபோய் விட்டது.

இன்னும் இரண்டு பை காலி. 611க்கு ராபின் ராபர்ட்ஸை எடுத்து வைத்திருக்கிறேன். 286 ஆட்டம் வென்றவர், அவரும் பெரிய லீக்கில் கடைசியாக ஆடியது 1966இல்தான். ஹியூஸ்டன், சிகாகோ என்று இரண்டு அணியில் அலைந்து 5 வெற்றி, 8 தோல்வி, இஆர்ஏ 4.82. கோஃபாக்ஸின் கடைசி வரியைப் போல் அச்சிட ஆசை வருகிற வரி இல்லை. நேற்று இரவு அவருடைய ஆண்டுகளை முழு எண்ணாக்கிக் கூட்ட ஆரம்பித்திருக்கிறேன்.